ஆமைத் தொட்டியை யார் கழுவுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்காரர், முக்கியமாக ஆண்கள், முழுவதையும் வாசிக்க வேணும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மீன்தொட்டி விற்கிற கடைகளில் மீனோடு சின்ன ஆமைக்குஞ்சும் விற்கிறார்கள். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. எந்த வீட்டில் ஆமை இருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்று வகுப்பில் பிள்ளைகளே எங்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதைவிடப் பழைய வழக்கம், தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று கிணற்றுக்குள் ஆமை விடுவது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி இருக்கிறது. ராசி என்று சொல்லி வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஆமை அல்லாஹ்வின் படைப்பு, அது தன் பாட்டில் இருக்கிறது. எங்கள் கவலை அதன் குடலில் இருக்கிற சல்மனெல்லா என்ற கிருமியைப் பற்றியது. தைபோயிட்டை யாழ்ப்பாணத்தில் தெரியாத வீடு இல்லை. தைபோயிட் கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. ஆமை, ஓணான், பாம்பு போன்ற ஊர்வனவற்றில் இருப்பது அதே இனத்தைச் சேர்ந்த வேறு வகைகள். ஆமைக்கு அதனால் ஒரு வருத்தமும் வராது. கொழுகொழுவென்று ஓடித் திரிகிற ஆமையின் கழிவிலும், அந்தக் கழிவு கலந்த தண்ணீரிலும், ஓட்டிலும் கிருமி இருக்கும். ஒரு நாள் வெளியேறும், இன்னொரு நாள் வெளியேறாது. ஆகவே ஒரு முறை பரிசோதித்துக் கிருமி இல்லை என்று வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது.

அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதை 1975ஆம் ஆண்டே தடை செய்துவிட்டார்கள். சின்ன ஆமையைத்தான் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடுவதும் வாயில் வைப்பதும். எங்கள் கடைகளில் விற்பதும் அந்த அளவுக் குஞ்சுதான்.

கிருமி உள்ளே போனால் 6 மணித்தியாலம் முதல் 6 நாளுக்குள் காய்ச்சல், வயிற்றோட்டம், வயிற்று வலி வரும். மற்ற ஆட்களில் பெரும்பாலானோருக்கு ஒரு கிழமைக்குள் சுகமாகிவிடும். பிள்ளைத்தாச்சிக்கு அப்படி விட்டுப் பார்க்க இயலாது. உடம்பில் நீர் வற்றுவதே அவவுக்கு ஆபத்து. அரிதாகக் கிருமி இரத்தத்தில் கலந்து கரு கலையலாம், பிள்ளை முன்கூட்டிப் பிறக்கலாம், பிறந்த பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வரலாம். அரிது என்று சொல்லிக் கடந்து போகலாம்தான். ஆனால் தவிர்ப்பதற்கு ஆகிற செலவு ஒரு சவர்க்காரக் கட்டி.

இனி விசயத்துக்கு வருவோம். ஆமையை வாங்கி வருவது வாப்பா. விளையாடுவது பிள்ளைகள். தொட்டி நாறத் தொடங்கியதும் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினித் தொட்டியில் கழுவுவது உம்மா. அவ ஏழு மாதமாக இருந்தாலும் அவதான். எங்கள் கருத்தில் கிருமியைவிடப் பெரிய பிரச்சினை இதுதான். பூனைக் கழிவால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு என்று எங்கேயோ கேள்விப்பட்டு, பாவம், பூனையைத் துரத்துகிற ஆட்களே ஆமைத் தொட்டியை அவவிடம் கொடுக்கிறார்கள். அவ ஆமையையும் தொடக்கூடாது, தொட்டித் தண்ணீரையும் தொடக்கூடாது. கணவன் கழுவட்டும். குசினியில் இல்லை, கோப்பை கழுவுகிற இடத்திலும் இல்லை. வெளியே, கிணற்றுக்குத் தள்ளி, அதற்கென்று ஒரு வாளி வைத்து. கழுவின தண்ணீர் திரும்பக் கிணற்றடிக்கு ஓடி வராமல் பார்க்க வேணும்.

ஐந்து நேரமும் வுழூ செய்கிறோம், கை சுத்தம்தானே என்று ஒருவர் கேட்டார். வுழூ தொழுகைக்கு. கிருமிக்குச் சவர்க்காரம் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேணும். ஒன்று மற்றதுக்குப் பதிலாகாது.

கிணற்று ஆமை இதைவிட மோசம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்கு அடியில் தேங்குகிற மழைத்தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஆமை பாசியையும் புழுவையும் தின்னும், உண்மை. தின்றதை அதே தண்ணீருக்குள்தான் கழிக்கும். அப்படிப்பட்ட கிணறு இருந்தால் ஆமையை வெளியே எடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுங்கள். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொதித்தாறிய நீர் மட்டும்.

பிள்ளை பிறந்த பிறகு? ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற வீட்டில் ஊர்வன வளர்க்க வேண்டாம் என்பதுதான் மருத்துவ ஆலோசனை. தவழுகிற பிள்ளைக்கு ஆமை நடந்த தரையே போதும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே ஆமைக்கு வேறு இடம் பார்த்துவிடுவது நல்லது. வேறு இடம் என்றால் குளம் இல்லை. இந்தச் சிவப்புக்கோட்டு ஆமை நம் நாட்டு இனம் இல்லை. சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வளரும், பல பத்து வருடம் வாழும், நம் குளத்து ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடிக்கும். வாங்கின கடையிலேயே கேட்டுப் பாருங்கள், அல்லது சின்னப் பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள்.

நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். புத்தளத்தில் இருந்த காலத்தில் பற்றைக்காட்டில் அதைப் பார்த்த ஆட்கள் நம்மில் நிறையப் பேர். ஓட்டின் அழகுக்கு ஆசைப்படுவது விளங்குகிறது. ஆனால் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். 2019இல் அதன் சர்வதேச வியாபாரத்தையும் முற்றாகத் தடை செய்தார்கள். பாக்கு நீரிணையில் படகோடு பிடிபட்ட செய்திகளையும் வாசித்திருப்பீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தில் ஒப்படையுங்கள்.

வளர்க்காமலே எல்லார் வீட்டிலும் இருக்கிற ஊர்வன பல்லி. அதன் எச்சத்திலும் இதே கிருமி உண்டு. கறிச்சட்டியை மூடி வையுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் ஆமை இருக்கிறது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவ கேட்க மாட்டா, நீங்களாகச் சொல்ல வேணும். காய்ச்சலோடு வயிற்றோட்டம் வந்தால் பாமசியில் குளிசை வாங்கிப் போடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கேயும் ஆமையைப் பற்றிச் சொல்லுங்கள்.