வால்வு என்ன பழைய புளியா?

"பழைய முல்லார்டு வால்வுல கேட்டாத்தான் சார் பாட்டு, புதுசெல்லாம் தகர டப்பா." வால்வு ஆம்ப்ளிஃபயர் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ரசனை அவரவர் பாடு, போகட்டும். ஆனால் அதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது? பெரம்பலூர், அரியலூர் மாதிரி ஊர்களில் பரணில் கிடக்கும் ரேடியோப் பெட்டிகளிலிருந்தும்தான். பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுப்பார். வால்வை மட்டும் ஒருவர் பிடுங்கிக்கொள்வார். மிச்சமெல்லாம் குப்பை.

வைக்க வைக்க மதிப்பு ஏறுவதற்கு வால்வு பழைய புளி இல்லை. உள்ளே கேத்தோடின் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு பூச்சு இருக்கிறது. சூடேறினால் எலெக்ட்ரான் கிளம்புவது அதிலிருந்துதான். ஓட ஓட அதன் தெம்பு குறையும். வருஷக்கணக்கில் உழைத்த இஎல்84-ஐப் பிடுங்குகிறவர் வாங்குவது மிச்சம் மீதி ஆயுளைத்தான்.

"சத்தம் இனிக்குதே?" இனிக்கும். ஒற்றை வால்வு சர்க்யூட்டில் இரண்டாம் ஹார்மோனிக் தூக்கலாகச் சேரும். அது மூல ஸ்வரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்பதால் காது அதை அபஸ்வரமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த இனிப்பு சர்க்யூட், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் மூன்றின் கைவேலை. கண்ணாடிமேல் அச்சடித்த பெயருக்கு இதில் பங்கு சொற்பம்.

"சின்ன வயசுல திருவிழா மைக்செட்டுல கேட்ட குரல்" என்று உருகுகிறவர்களும் உண்டு. அந்த மைக்செட்டில் வால்வு இருந்தது வாஸ்தவம். ஆனால் உங்கள் காதுக்கு வந்தது குழாய் ஸ்பீக்கர் வழியாக. அது அடிநாதத்தை விழுங்கிவிடும். ஹாலில் உட்கார்ந்து வால்வுக்குள் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

"ஓடாத பெட்டிதானே" என்பது அடுத்த சமாதானம். ஓடாத ரேடியோவில் பல நேரம் கெட்டிருப்பது வால்வே இல்லை, கசியும் கண்டன்சர். கைதேர்ந்த மெக்கானிக் அதை மாற்றி ஓட்டிக் காட்டுவார். அவரிடம் கொண்டுபோகாமலே பெட்டிக்குக் கருமாதி செய்வது என்ன நியாயம்?

அந்தப் பெட்டி சும்மா பாட்டுப் பெட்டியும் இல்லை. திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939-ல். 1960களில் ஏடிடீ 27 நெல்லைப் பற்றி வானொலியில் கேட்டு விதைத்த தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். கொள்ளிடத்துக்கு வடகரையில் அரியலூர்ச் சீமைக்கும் அதே திருச்சிதான் பக்கத்து நிலையம். வயலில் என்ன விதைப்பது என்று ஊருக்குச் சொன்ன சாதனத்தை ஒரு வால்வுக்காக உடைப்பதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் ரஷ்யாவிலும் இன்றைக்கும் புது வால்வு தயாராகிறது. உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு அது தாராளம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் தயாரித்த வால்வுகள் எங்காவது டப்பா பிரிக்காமல் கிடைத்தால், ஊமையாய்க் கிடக்கும் ஒரு ரேடியோவுக்குப் போடுங்கள். முதல் உரிமை அதற்குத்தான்.