பென் டிஸ்ப்ளே வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க கழுத்தைக் கேளுங்க

1/
நான் இங்கே போடும் உடற்கூறு படங்களைப் பார்த்துட்டு இன்பாக்ஸில் அதிகம் வரும் கேள்வி: "டாக்டர், வரையறதுக்கு எந்த பென் டிஸ்ப்ளே வாங்கலாம்?"
என் பதில் பலருக்குப் பிடிக்காது. முதல் கருவியா பென் டிஸ்ப்ளே வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன். அப்புறமும் வாங்கத்தான் வேணும்னா எதைப் பார்த்து வாங்கணும்னும் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/
புதுசா வர்றவங்களுக்காக. வரையும் கருவிகள் மூணு வகை.
ஒண்ணு, ஸ்கிரீன் இல்லாத பென் டேப்லெட். கறுப்புப் பலகை மாதிரி இருக்கும். அதுல வரைஞ்சா கோடு கம்ப்யூட்டர் திரையில் விழும்.
ரெண்டு, பென் டிஸ்ப்ளே. திரை மேலேயே வரையலாம், ஆனா கம்ப்யூட்டரோடு இணைச்சாதான் வேலை செய்யும்.
மூணு, ஐபேட் மாதிரி தனியா இயங்குறது.
நாம பேசப்போறது முதல் ரெண்டைப் பத்தி.

3/
பேனா எப்படி வேலை செய்யுது? பலகைக்கு அடியில் மெல்லிய கம்பிச்சுருள் வலை இருக்கு. அது உண்டாக்கும் காந்தப்புலத்தில் இருந்தே பேனா தன் சக்தியை எடுத்துக்கிட்டு, தான் இருக்கும் இடத்தையும் அழுத்தத்தையும் திருப்பிச் சொல்லும். அதனாலதான் பேனாவில் பேட்டரி இல்லை.
இதைப் பிரபலமாக்கினது 1983ல் ஜப்பானில் ஆரம்பிச்ச வாகாம். இப்போ ஹுயான், எக்ஸ்பி-பென் பேனாக்களும் பேட்டரி இல்லாமத்தான் வருது. ஸ்கிரீன் இல்லாத மலிவு மாடல்களிலும் இதே மாதிரி பேனாதான்.

4/
அப்போ ரெண்டுக்கும் உண்மையான வித்தியாசம் என்ன?
ஸ்கிரீன் இல்லாததில் கை கீழே இருக்கும், கண் நேரா முன்னால பார்க்கும்.
பென் டிஸ்ப்ளேயில் கையும் கீழே, கண்ணும் கீழே.
இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் நீங்க பல மடங்கு பணம் கொடுக்குறீங்க. உங்க கழுத்தும் அதுக்குத்தான் விலை கொடுக்கும்.

5/
நம்ம தலை சுமார் 5 கிலோ. நேரா உட்கார்ந்தா அந்த எடை முதுகெலும்பு மேல ஒழுங்கா இறங்கும். குனியக் குனிய, தலை முன்னால விழாம பிடிச்சு நிறுத்துறது பின்கழுத்துத் தசைகளோட வேலை.
2014ல் வந்த ஒரு கணக்கீட்டின்படி 30 டிகிரி குனிஞ்சா கழுத்துக்கு சுமார் 18 கிலோ, 60 டிகிரியில் சுமார் 27 கிலோ சுமை. இது மாடல் வச்சுப் போட்ட கணக்கு, நோயாளிகளை அளந்தது இல்லை. ஆனா மூணு மணி நேரம் குனிஞ்சு உட்கார்ந்து எழுந்தவங்களுக்கு விளக்கமே வேண்டாம்.

6/
பின்கழுத்தில் பிடிப்பு, தோள்பட்டைகளுக்கு நடுவில் எரிச்சல், பிடரியில் ஆரம்பிச்சு நெற்றிக்கு வரும் தலைவலி. டெய்லர், நகைத்தொழிலாளி, டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறவங்கன்னு குனிஞ்சு வேலை செய்யும் எல்லாரும் இதைச் சொல்லிக்கிட்டு ஓபிக்கு வருவாங்க.
நாங்க வலி மாத்திரை கொடுப்போம், பிசியோதெரபிக்கு அனுப்புவோம். வலி குறைஞ்சதும் அதே மேசை, அதே குனிவு. அப்புறம் அதே வலி.

7/
"பேப்பரில் வரையும்போதும் குனிஞ்சுதானே டாக்டர் வரையுறோம்?"
நியாயமான கேள்வி. ஆனா பேப்பரைத் திருப்புவீங்க, அட்டையில் மாட்டி மடியில் சாய்ச்சு வைப்பீங்க, எழுந்து தள்ளி நின்னு பார்ப்பீங்க. ஓவியர்கள், டிராஃப்ட்ஸ்மேன்கள் சாய்வு மேசை வச்சிருந்ததும் சும்மா இல்லை.
பென் டிஸ்ப்ளே மேசையிலேயே இருக்கும், ஒயர்கள் அதைப் பிடிச்சுக்கும். 'அன்டூ' பட்டன் வேற இருக்கு. எழுந்திருக்கவே தோணாது.

8/
அடுத்து பணம். விலை மாறிக்கிட்டே இருக்கும், ஆனா விகிதம் பெருசா மாறாது. ஸ்கிரீன் இல்லாத நல்ல டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். பென் டிஸ்ப்ளே அதுல பல மடங்கு. அதுக்கு மேல ஸ்டாண்டு, கேபிள்.
வரையும் பழக்கம் நிலைக்குமான்னு தெரியும் முன்னாடியே இஎம்ஐ போடாதீங்க. மிச்சமாகும் பணத்துல ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம். அது உங்க ஓவியத்துக்குச் செய்யும் உதவி அதிகம்.

9/
"கை ஒரு இடம், கண் ஒரு இடம். வரவே மாட்டேங்குதே!"
வரும். மவுஸும் அப்படித்தானே? அதை யாரும் குனிஞ்சு பார்த்து நகர்த்துறது இல்லை. தினம் அரை மணி நேரம் வட்டம், நேர்கோடு, சுழிகள் மட்டும் போடுங்க. பெரும்பாலானவங்களுக்குச் சில வாரங்களில் பழகிடும்.

10/
அதுக்கு முன்னாடி ஒரு செட்டிங். டேப்லெட்டின் வரையும் பரப்பும் மானிட்டரும் ஒரே நீள அகல விகிதத்தில் இருக்கணும். இல்லைன்னா நீங்க போடும் வட்டம் திரையில் முட்டையா விழும். 'நமக்குக் கை வரல'ன்னு பலர் விட்டுப்போறது இதனாலதான். டிரைவரிலேயே இதைச் சரி பண்ணலாம். ரெண்டு மானிட்டர் இருந்தா ஒண்ணுக்கு மட்டும் மேப் பண்ணுங்க.

11/
ரொம்பச் சின்ன சைஸ் எடுக்காதீங்க. உள்ளங்கை அளவு பலகையில் மணிக்கட்டு மட்டும்தான் அசையும். சுமார் 10 அங்குலத்துக்கு 6 அங்குலம் வரையும் பரப்பு இருந்தா முழங்கை, தோள் சேர்ந்து அசையும்.
வாசல்ல கோலம் போடுறவங்க கையைப் பாருங்க. நீளமான இழை தோளில் இருந்து வரும், விரல் மாவை விடுறதுக்கு மட்டும்தான். நீண்ட கோடு அப்படித்தான் வரணும்.

12/
லேப்டாப்பில் வரையுறவங்க கவனிங்க. லேப்டாப்பை மேசையில் அப்படியே வச்சா ஸ்கிரீன் இல்லாத டேப்லெட் வாங்கியும் குனியத்தான் போறீங்க. நாலு தடிமனான புத்தகத்தை அடியில் வச்சு, திரையின் மேல் விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாங்க. தனி கீபோர்டு ஒண்ணு போதும்.

13/
அப்போ பென் டிஸ்ப்ளே யாருக்கு?
ஒரு வருஷமாவது தொடர்ந்து வரைஞ்சவங்களுக்கு. காமிக்ஸ் இங்க்கிங், 2டி அனிமேஷன் மாதிரி நாள் முழுக்கக் கோடு இழுத்துச் சம்பாதிக்கிறவங்களுக்கு. ஸ்கிரீன் இல்லாததில் நேர்மையா முயற்சி பண்ணியும் ஒத்துவராதவங்களுக்கு.
இவங்களுக்கு இது ஆடம்பரம் இல்லை, தொழில் கருவி. தாராளமா வாங்குங்க. ஆனா கீழே உள்ளதைப் பார்த்து வாங்குங்க.

14/
அழுத்த அளவுகள்: 4096, 8192, 16384னு பெட்டியில் பெருசா போட்டிருப்பாங்க. இந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. 4096க்கும் 8192க்கும் உள்ள வித்தியாசத்தை உங்க விரல் உணராது.
பார்க்க வேண்டியது, பேனாவை எவ்வளவு லேசா வச்சா முதல் கோடு விழுதுன்னு. சில கம்பெனிகள் இதை கிராமில் சொல்வாங்க. குறைவா இருந்தா நல்லது. அதிகமா இருந்தா நாள் முழுக்க அழுத்தி வரையணும். அந்த அழுத்தம் கட்டைவிரல் மூட்டுக்குத்தான் போகும்.

15/
லேமினேஷன்: கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் திரைக்கும் நடுவில் இடைவெளி இருந்தா, பேனா முனை ஒரு இடம், கோடு கொஞ்சம் தள்ளி ஒரு இடம்னு தெரியும். அதைச் சரியாப் பார்க்க நீங்க இன்னும் குனிவீங்க. 'ஃபுல் லேமினேட்டட்'னு போட்டிருக்கான்னு பாருங்க. எந்த மாடலா இருந்தாலும், தினம் உட்காரும் நிலையில் உட்கார்ந்து காலிபரேஷன் பண்ணுங்க.

16/
அளவு: 13 அங்குலம் பையில் போகும், ஆனா மெனு எழுத்து பொடிசா இருக்கும், முகம் கிட்டப் போகும். பலருக்கு 16 அங்குலம் சரியா வரும்.
ஒரே 1920×1080 ரெசல்யூஷன், 15.6 அங்குலத்தில் அங்குலத்துக்குச் சுமார் 141 புள்ளி, 21.5 அங்குலத்தில் சுமார் 102 புள்ளி. பெருசா வாங்கினா ரெசல்யூஷனையும் பாருங்க. 22 அங்குலத்துக்கு மேல உறுதியான ஸ்டாண்டு கட்டாயம்.

17/
கலர்: எஸ்ஆர்ஜிபி கிட்டத்தட்ட முழுசா வரணும். '72% என்டிஎஸ்சி'ன்னு போட்டிருந்தா பரப்பளவில் ஏறத்தாழ அதே அளவுதான், குறைவுன்னு பயப்படாதீங்க. 45%னு போட்டிருந்தா தவிர்த்துடுங்க, கலர் வெளிறித் தெரியும்.

18/
கேபிள்: உங்க லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை இருக்குங்கிறதால ஒரே ஒயரில் படம் வந்துடாது. அந்த போர்ட் வீடியோ வெளியீட்டை ஆதரிக்கணும். பல லேப்டாப்பில் அது டேட்டாவுக்கு மட்டும்தான். அப்போ ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி ரெண்டும் வேணும். வாங்கும் முன்னாடியே லேப்டாப் மாடலைத் தேடிப் பாருங்க.

19/
கரண்ட்: பல பென் டிஸ்ப்ளேக்களுக்குச் சுவரில் தனி அடாப்டர் வேணும். கரண்ட் போனா லேப்டாப் ஓடும், நீங்க வரையும் திரை அணைஞ்சிடும். யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இல்லாத வீடா இருந்தா இதையும் கணக்கில் வைங்க.

20/
பேனா: பேனா தொலைஞ்சா வேற மாடல் பேனா பெரும்பாலும் வேலை செய்யாது. மாற்றுப் பேனா இந்தியாவில் கிடைக்குதா, என்ன விலை, சர்வீஸ் எங்கேன்னு வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க. சொரசொரப்பான திரையில் நிப் சீக்கிரம் தேயும். தேய்ஞ்சு கூரானா மாத்துங்க, திரையில் கீறல் விழும்.

21/
ஸ்டாண்டு: இதுதான் முக்கியம். கூட வரும் மடக்குக் கால் பெரும்பாலும் சுமார் 20 டிகிரிதான் தூக்கும். அது எழுத்து மேசைச் சாய்வு, நாள் முழுக்க வரைய அது போதாது. 45 டிகிரிக்கு மேல சாய்க்கும் ஸ்டாண்டோ, பின்னால 'வெசா' துளை இருந்தா மானிட்டர் ஆர்மோ வாங்குங்க. ஸ்டாண்டுக்குப் பணம் இல்லைன்னா பென் டிஸ்ப்ளேவுக்கும் இன்னும் பணம் சேரலைன்னு அர்த்தம்.

22/
உட்காரும் விதம்: திரையை உங்க பக்கம் கொண்டுவாங்க, நீங்க திரைகிட்ட போகாதீங்க. முழங்கைக்கு மேசையில் தாங்கல் இருக்கணும். திரையை ரொம்ப நிமிர்த்தினா கை அந்தரத்தில் தொங்கும், அப்புறம் தோள் வலிக்கும். கழுத்தும் தோளும் ரெண்டுமே சும்மா இருக்கும் கோணம்தான் உங்க கோணம்.

23/
பிடி: பேனாவை நெரிக்காதீங்க. டிரைவரில் 'பிரஷர் கர்வ்' இருக்கும். இலவசமான கிரிட்டாவிலும் இருக்கு. அதை மென்மையாக்கினா லேசா அழுத்தினாலே கனமான கோடு வரும். கை நடுங்கும்னு இறுக்கிப் பிடிக்கிறவங்க ஸ்டெபிலைசரைப் போடுங்க. பேனா மெலிசா இருந்தா ரப்பர் பிடி மாட்டுங்க.

24/
கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் வலிச்சா அங்கே தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ராத்திரியில் மரத்துப்போய் உதறினா சரியாகுதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்துறதா இருக்கலாம், கார்பல் டனல்னு சொல்வோம். ரெண்டையும் ஆரம்பத்திலேயே காட்டினா ஓய்வு, மணிக்கட்டுப் பட்டையிலேயே பலருக்குக் குறையும்.

25/
இடைவேளை: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கிறதை 20 விநாடி பாருங்க. திரையைப் பார்க்கும்போது நாம கண் சிமிட்டுறது குறையும், அதனால கண் காயும். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. வாட்டர் பாட்டிலை மேசையில் வைக்காம சமையலறையில் வைங்க, தானா எழுந்திருப்பீங்க.

26/
இது இருந்தா த்ரெட் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க: கழுத்தில் இருந்து கைக்கு ஷாக் மாதிரி இறங்கும் வலி, கையில் பலம் குறையுறது, பொருள் நழுவுறது, பட்டன் போட முடியாம போறது, நடை தடுமாறுறது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனா அன்னைக்கே அவசரமா போங்க. கடையில் வலி மாத்திரை வாங்கித் தள்ளிப்போடாதீங்க.

27/
பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வரையுதுன்னா சந்தோஷமா வாங்கிக் கொடுங்க. ஆனா நகையை வச்சு விலை அதிகமான திரை வாங்கத் தேவையில்லை. சின்னதா ஆரம்பிச்சு, ஒரு வருஷம் கழிச்சும் தினம் உட்கார்ந்து வரைஞ்சா அப்போ பெருசா வாங்கலாம். "படிப்பைக் கெடுக்கும்"னு பிடுங்கி வைக்கவும் வேண்டாம்.

28/
சுருக்கமா: முதல்ல ஸ்கிரீன் இல்லாத டேப்லெட், நல்ல நாற்காலி, கண்மட்டத்தில் மானிட்டர். தொழிலானா பென் டிஸ்ப்ளே, கூடவே ஸ்டாண்டு.
திரை பழசானா அடுத்த மாடல் வரும். கழுத்தும் கையும் ஒண்ணுதான், 60 வயசிலும் அதை வச்சுத்தான் வரையணும்.
நீங்க எதுல வரையுறீங்க, எங்கே வலிக்குதுன்னு கீழே சொல்லுங்க. தெரிஞ்சவரை பதில் சொல்றேன்.