ஒரு மரப்பெட்டியும் உழைப்பின் கண்ணியமும்



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறையில் சேர்த்துவிடுவேன்." நம் இல்லங்களில் பிள்ளைகளை மிரட்டப் பெற்றோர் சொல்லும் வாசகம் இது. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நானும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சென்ற விடுமுறையில் ஒரு மரப்பெட்டி செய்ய முனைந்தபோதுதான் அச்சொல்லின் தவறு எனக்கு உறைத்தது.

பிள்ளைகள் ஓதும் முஸ்ஹஃப்களை வைக்க 3 அடி நீளத்தில் ஒரு பெட்டி தேவைப்பட்டது. நான்கு பக்கம், ஓர் அடிப்பலகை, ஒரு மூடி. இதில் என்ன கடினம் என்றெண்ணிப் பழைய தேக்குப் பலகைகளை வாங்கினேன். பென்சில் கோட்டின் மீதே ரம்பத்தை வைத்து அறுத்தேன். ரம்பத்தின் கனம் மரத்தைத் தின்றதால் ஒரு பக்கம் குறைந்துபோனது. ஒருவாறு பூட்டி முடித்தபோது மூடி பொருந்தவில்லை.

அந்நேரம் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். மனனம் வராமல் பாதியில் நின்று, தச்சுப் பட்டறைக்குச் சென்றவர். அன்று அவருடைய தந்தையிடம், "பிள்ளையின் வாழ்வு வீணாகிவிட்டதே" என்று நான் வருந்தியது நினைவிருக்கிறது.

அவர் பெட்டியின் மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தார். இரு அளவுகளுக்கும் அரை அங்குலம் வேறுபாடு. "குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஹஜ்ரத், பெட்டி மட்டமாக நிற்கும்" என்றார். கோடு மரத்தில் மிஞ்சுமாறு அதன் வெளிப்புறம் அறுக்க வேண்டும் என்றார். மழைக்காலத்தில் பலகை அகலவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். ஆகவே அடிப்பலகையை இறுக்கி ஆணி அடிக்காமல், காடியில் சற்று இடம்விட்டுச் செருக வேண்டும், இல்லையேல் வெடித்துவிடும் என்றும் விளக்கினார். நான் மாணவனாக நின்று கேட்டேன்.

மீண்டும் பூட்டிய பின்னரும் ஒரு மூலையில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. "மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன். அவர் புன்னகைத்தார். "நனைந்த தானியத்தின் ஹதீஸை நீங்கள்தானே ஓதிக்கொடுத்தீர்கள், ஹஜ்ரத்?" என்று கூறி, அப்பலகையைக் கழற்றி மறுபடியும் இழைத்தார்.

மேலே உலர்ந்த தானியமும் உள்ளே நனைந்த தானியமும் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை நான் எத்தனையோ ஆண்டுகளாக நடத்திவருகிறேன். மனனம் வராதவர் என்று நான் ஒதுக்கிய மாணவரிடம் அது செயலாக நிலைத்திருந்தது. என்னிடமோ சொல்லாக மட்டுமே இருந்தது.

ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சர் என்று ஹதீஸ் கூறுகிறது. நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் உண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் நின்று உரையாற்றிய மிம்பரும் ஒரு தச்சரின் கைவேலையே. மிம்பரைப் போற்றும் நாம், மணமகன் தச்சுவேலை செய்பவர் என்றதும் முகம் சுளிப்பது எந்த வகையில் நியாயம்?

கல்வி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்வி தேடுவது நம்மீது கடமை. ஆயினும், "தொழிலில் மரியாதை இல்லை" என்போர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும்: அந்த மரியாதையைக் குறைத்தது நம் நாவுகள் அல்லவா? பட்டறையைத் தண்டனையாகக் காட்டி மிரட்டுவதை இன்றோடு நிறுத்துவோம். விடுமுறையில் பிள்ளைகள் ஒரு கைத்தொழிலேனும் பழகட்டும். தொழிலுக்குச் செல்லும் மாணவரை அனுதாபத்தோடு அல்ல, துஆவோடு வழியனுப்புவோம்.

பெட்டி இப்போது மதரஸாவில் இருக்கிறது. அதைச் சீராக்கியவர் யார் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அவருடைய தந்தையையும் சந்தித்து, அன்று நான் சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். அல்லாஹ் நம் கைகளுக்கு ஹலாலான உழைப்பையும், நாவுகளுக்கு நேர்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.