உள்ளே இருந்து கேட்பவனுக்குக் காவல் வேண்டும்

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஏ.பி. சேலம் சாலை வழியாகத்தான் நடக்கிறார்கள். அந்தச் சேலத்துக்கு அதே ஜெபாலயத்தில் ஒரு காலத்தில் சமமாக உட்கார இடம் இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது.

ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) கொச்சி யூதர். சென்னையில் பட்டம் பெற்று வழக்கறிஞரானவர். 1929 லாகூர் காங்கிரசுக்குச் சென்றவர். வைக்கம் சத்தியாகிரகம் முடிவுக்கு வந்த 1925-ல் கொச்சி சட்டமன்றத்தில் நுழைந்தவர். ஆனால் அவருடைய முன்னோர் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள். அந்த வழிவந்தவர்கள் ஜெபாலயத்தின் முன்கூடத்தோடு நின்றுவிட வேண்டியிருந்தது. வேதம் வாசிக்க அவர்களை அழைத்ததில்லை. சாதியைக் கடல் கடந்து வந்தவர்களும் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படி ஒதுக்கப்பட்டவர்களில் ஒரு தலைமுறை பிரிந்து போய்ப் பார்த்தது, நிலைக்கவில்லை. சேலம் பிரியவில்லை. புறக்கணித்தார், வாதிட்டார், சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1940-களின் நடுவில் பெரும்பாலான தடைகள் விழுந்தன.

வெள்ளையனை எதிர்த்துப் பேசிய சேலத்துக்கு ஊரே கை தட்டியிருக்கும். சொந்தக் கோயிலின் பெரியவர்களை எதிர்த்துப் பேசும்போது அந்தக் கைதட்டல் இருக்காது. மறுநாளும் அதே தெருவில் அவர்கள் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். கருத்துத் துணிவுக்கு உண்மையான சோதனை இங்கேதான் என்கிறோம்.

துருக்கியில் இதே சோதனைக்கு நின்ற ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹிரான்ட் டிங்க், ஆர்மீனிய அடையாளத்தைப் பற்றி எழுதியதற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். அவரே 2006-ல், ஆர்மீனியர் படுகொலையை மறுப்பதைக் குற்றமாக்கும் பிரான்ஸின் சட்ட முயற்சியையும் எதிர்த்தார். வாயடைப்பது தன் தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும் அவருக்கு வேண்டாம். 2007 ஜனவரி 19 அன்று இஸ்தான்புல்லில் தன் பத்திரிகை அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் ஊரில் துப்பாக்கி வேண்டியதில்லை, ஊர்க்கூட்டம் போதும். திருச்செங்கோட்டைப் பற்றி 'மாதொருபாகன்' எழுதிய பெருமாள்முருகனை, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் 'அமைதிப் பேச்சு' என்று உட்கார வைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அதை நடத்தியவர்கள் அரசு அதிகாரிகள். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் சொன்னது. அவர் பெயர் பெற்ற எழுத்தாளர். வழக்கு அதுவரை போயிற்று. கடலோரக் குப்பத்திலோ கரிசல் கிராமத்திலோ நாட்டாமையைக் கேள்வி கேட்டவனுக்கு ஊர்விலக்கு வந்தால், தண்ணீர், கடை, சாவுக்குத் தோள் கொடுப்பது எல்லாம் ஒரே இரவில் நின்றுபோகும். அவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்?

சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி மகாராஷ்டிரம் 2016-ல் சட்டம் நிறைவேற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சங்கங்களின் உரிமையில் அரசு தலையிடலாமா என்று சிலர் கேட்பார்கள். யாரை உறுப்பினராக்குவது என்பது சங்கத்தின் உரிமை. ஒரு குடும்பத்துக்கு அரிசி விற்கக் கூடாது என்று கடைக்காரருக்கு உத்தரவிடுவது உரிமை ஆகாது. சுயமரியாதை பேசிய மண்ணில் இப்படித் தனிச் சட்டம் கொண்டுவருவதைத் தமிழக அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது. கட்டாயப்படுத்தி மன்னிப்பு எழுதி வாங்கும் அதிகாரியும் அதன் தண்டனைப் பிரிவுக்குள் வர வேண்டும்.