டிப்பை மறந்த பார்லர்கள்

பூல் மேசை போடும்போது பார்லர் நடத்துபவர் எதற்கெல்லாம் கணக்குப் பார்க்கிறார்? ஸ்லேட் பலகை, அதன்மேல் இழுத்து ஒட்டும் துணி, விளக்கு, ஏ.சி., வாடகை. சுவரோர ஸ்டாண்டில் நிற்கும் க்யூ எனும் கோல்களின் நுனியில் உள்ள தோல் வில்லைக்கு மட்டும் அந்தக் கணக்கில் இடம் கிடைப்பதில்லை. டிப் என்று எல்லாரும் சொல்லும் அந்த வில்லையின் அகலம் பெரும்பாலும் 13 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனால் ஆட்டக்காரர் அடிக்கும் வெள்ளைப் பந்தைத் தொட க்யூவில் அனுமதியுள்ள ஒரே பகுதி அதுதான்.

அதைக் கவனிக்காமல் விடுவதால் வரும் கேடு சிறியதல்ல. புதிதாக ஆட வருகிறவர்களுக்குச் சொந்த க்யூ இருக்காது. பார்லரின் பொது க்யூவைத்தான் எடுப்பார்கள். அதன் டிப் தேய்ந்து இறுகி வழவழப்பாகியிருந்தால், பிடிப்புக்காகப் பூசும் சாக் ஒட்டாது. பந்தின் பக்கவாட்டில் அடித்ததும் வெற்றுச் சத்தத்தோடு க்யூ வழுக்கிவிடும். உடனிருப்பவர்கள் கை சரியில்லை என்பார்கள். புதியவரும் அதை நம்பி, பந்தின் நடுவைத் தவிர வேறெங்கும் அடிக்கத் துணியாதவராகிவிடுவார். ஸ்பின் போடவே வராது என்று ஒதுங்கிப்போகும் பலருக்குப் பழுது கையில் இல்லை, க்யூவின் நுனியில் இருக்கிறது.

இந்த விளையாட்டின் வரலாறே இதற்குச் சான்று. ஆதியில் பந்தை அடிக்கவில்லை, மேஸ் எனும் தட்டையான தலையுள்ள கோலால் தள்ளினார்கள். பிறகு கோலின் மெல்லிய முனையால் அடிக்கும் வழக்கம் வந்தது. வெறும் மரமுனை என்பதால் நடுவை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் வழுக்கியது. அந்த முனையில் தோலைப் பொருத்திய பெருமை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சுப் படைத் தலைவர் பிரான்சுவா மேங்கோவுக்குத் தரப்படுகிறது. சிறையில் இருந்த காலத்தில் அவர் இதைச் செய்து பார்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தோல் வந்த பிறகுதான் பந்தைப் பின்னோக்கி இழுப்பதும், பக்கச் சுழல் கொடுப்பதும் நம்பி ஆடக்கூடிய வித்தைகளாயின.

அடுத்த அடி இங்கிலாந்தில். 1820-களில் பாத் நகரத்து பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றில் மார்க்கராக, அதாவது ஸ்கோர் குறிப்பவராக, வேலை பார்த்த ஜாக் கார், நுனியில் பூசும் சாக்கைப் பெட்டியில் அடைத்து, பந்தைச் சுழலவைக்கும் பொடி என்று சொல்லி விற்றார். 1897-இல் அமெரிக்க ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் சிலிக்காவோடு உராய்வுப் பொடி சேர்த்த கட்டிக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று பார்லர்களில் கிடக்கும் நீலக் கட்டிகள் அந்த வழி வந்தவை. இடையில், 1875-இல் ஜபல்பூர் படைமுகாமில் நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஸ்நூக்கருக்கு 1882 வாக்கில் விதிகள் எழுதி மாட்டப்பட்ட இடம் நம் ஊட்டி கிளப். அடுத்த அடிக்கு வசதியாக வெள்ளைப் பந்தை நிறுத்துவதே உயிரான ஒரு விளையாட்டுக்கு நீலகிரியில் விதி வகுக்க முடிந்ததென்றால், தோல் நுனியும் சாக்கும் அதற்கு முன்பே வந்திருந்ததும் ஒரு காரணம்.

டிப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அதற்குள் வழுக்காமல் பிடித்தால் போதும். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. நடுவிலிருந்து ஏறத்தாழ 14 மி.மீ., அதாவது ஆரத்தில் பாதி தூரம் வரை, நல்ல சாக் பூசிய டிப் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும். தேய்ந்த டிப்பில் இந்த எல்லை உள்நோக்கிச் சுருங்கிவிடுகிறது. புதியவருக்குப் பறிபோவது அந்த இடம்தான்.

இங்கே ஒரு நம்பிக்கையைக் கேள்வி கேட்க வேண்டும். மென்மையான டிப் அதிக ஸ்பின் தரும் என்று ஏறக்குறைய எல்லா பார்லர்களிலும் சொல்கிறார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் டேவிட் அல்சியாடோர் போன்றவர்கள் அதிவேகக் கேமரா வைத்துச் செய்த ஆய்வுகள் இதற்கு ஆதரவாக இல்லை. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறோம், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறோம் என்பதுதான் சுழற்சியை நிர்ணயிக்கிறது. டிப் வழுக்காமல் இருந்தாக வேண்டும், அவ்வளவே. மென்மையான டிப்பில் சாக் நன்றாகத் தங்கும், அது உண்மை. ஆனால் சீக்கிரம் அமுங்கி உருமாறும். கடினமான டிப் விசையை வீணாக்காமல் கடத்தும், வடிவம் மாறாது, ஆனால் சாக்கை அடிக்கடி பூசச் சொல்லும். பொது க்யூவுக்கு இரண்டுக்கும் நடுத்தரமே ஏற்றது.

வளைவைப் பற்றிய சர்ச்சையும் இப்படித்தான் தேவைக்கு மேல் வளர்ந்திருக்கிறது. டிப்பின் வளைவை அமெரிக்கர்கள் நாணயம் வைத்துப் பார்ப்பார்கள்: 21.21 மி.மீ. விட்டமுள்ள நிக்கல், அல்லது 17.91 மி.மீ. விட்டமுள்ள டைம். நம் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நிக்கலுக்கு ஏறத்தாழ ஈடு. பந்தின் நடுக்கோட்டிலிருந்து 10 மி.மீ. விலக்கி க்யூவைச் செலுத்தினால், நிக்கல் வளைவுள்ள டிப் பந்தைத் தொடும் புள்ளி நடுவிலிருந்து 7.3 மி.மீ. தள்ளியும், டைம் வளைவில் 7.6 மி.மீ. தள்ளியும் அமையும். வித்தியாசம் அவ்வளவுதான். இதற்காக நாள்தோறும் டிப்பைத் தேய்த்துத் தோலைத் தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் வளைவே இல்லாமல் தட்டையாகிப்போனால் கதை வேறு. அப்போது பந்தைத் தொடுவது டிப்பின் விளிம்பு. அங்கே சாக்கும் இருக்காது, பிடிப்பும் இருக்காது.

சந்தையில் இருப்பவை இரண்டு வகை. எல்க் மாஸ்டர் போன்ற ஒற்றைத் தோல் டிப்கள் ஐம்பது கொண்ட பெட்டியாக வருகின்றன. மூரி, கமுய் போன்ற ஜப்பானியத் தயாரிப்புகள் மெல்லிய பன்றித்தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை. கமுய் ஒன்றுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். ஒற்றைத் தோலில் ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்று மெத்தென்றும் மற்றது கல்லாகவும் இருக்கலாம். அடுக்கு டிப்பில் அந்தச் சீரின்மை குறைவு. போட்டிக்கு ஆடுகிறவர் அந்த விலையைக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. பார்லருக்கு அது வேண்டாம். பெட்டியிலிருந்து நல்லதாகப் பொறுக்கி ஒட்டினால் போதும். பிரேக் எனும் தொடக்க அடிக்கென்று வரும் பீனாலிக் டிப் பாறை மாதிரி இருக்கும், சாக்கை ஏற்காது. அது பொது க்யூவுக்கு ஆகவே ஆகாது.

பராமரிப்புக்கு வருவோம். பந்தில் மோதி மோதி டிப் பக்கவாட்டில் பிதுங்கி, பெர்ரூல் எனும் காப்பு வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பிதுக்கத்தை விட்டுவைத்தால் ஓரம் பிய்ந்துகொண்டே வரும். கூரான பிளேடால் அதைச் சீவி, பக்கவாட்டை லேசாக ஈரப்படுத்தி, ஒரு தோல் துண்டால் சூடு வரும் வரை தேய்த்தால் சுவர் இறுகும். வழவழப்பான மேற்பரப்பை உப்புத்தாளாலோ ஸ்கஃபர் எனும் உரசும் கருவியாலோ மெல்லச் சொரசொரப்பாக்கினால் போதும். இதற்கு ஒரு க்யூவுக்குச் சில நிமிடங்களே ஆகும். நம் பார்லர்கள் பலவற்றில் ஸ்நூக்கர் க்யூவாலேயே பூலும் ஆடுவதால் இந்த வேலை இன்னும் அடிக்கடி தேவைப்படுகிறது. 9, 10 மி.மீ. அகலமுள்ள சிறிய டிப், ஏறத்தாழ 140 கிராம் எடையுள்ள ஸ்நூக்கர் பந்துக்கென்று வந்தது. 170 கிராம் பூல் பந்தில் மோதும்போது வேகமாகப் பிதுங்குகிறது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தோல் மேலும் இளகும்.

சாக் பூசுவதிலும் கவனம் வேண்டும். கட்டியின் குழிக்குள் க்யூவை விட்டுத் திருகுவது பரவலான பழக்கம். கட்டியில் குழி ஆழமாகிறதே தவிர, டிப்பின் விளிம்பில் ஒழுங்காகப் பூச்சு விழுவதில்லை, பெர்ரூலும் கீறல்படுகிறது. கட்டியைக் கையில் பிடித்து, விளிம்பிலிருந்து நடுவுக்கு மெல்லத் தீட்ட வேண்டும்.

பழைய கிளப்புகளில் இதையெல்லாம் பார்க்க மார்க்கர் இருந்தார். ஸ்கோர் பலகையை நகர்த்துவது, துணியைத் துலக்குவது, டிப் ஒட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. மணிக்கணக்குக் கட்டணத்தில் ஓடும் இன்றைய பார்லரில் கல்லாவுக்கு ஆள் உண்டு, க்யூவுக்கு ஆள் இல்லை. இது மாற வேண்டும். இதில் உரிமையாளருக்கு நஷ்டம் எதுவும் இல்லை. டிப் போய் வெறும் பித்தளை வளையத்தோடு நிற்கும் க்யூ ஒன்று மேசைத் துணியைக் கிழித்தால் ஆகும் செலவு, பல பெட்டி டிப்பின் விலையை விழுங்கிவிடும். ஆட்டத்துக்குப் பணம் வாங்குகிறவர் வழுக்காத க்யூவைக் கொடுப்பது சலுகை அல்ல, கடமை. வாரத்தில் ஒரு காலை, கடை திறக்குமுன் ஸ்டாண்டில் உள்ள அத்தனை க்யூவையும் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆட வருகிறவர்களும் தயங்காமல் டிப்பைத் தடவிப் பார்த்து, தேய்ந்ததைத் திருப்பிக் கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

டிப்பின் பக்கச்சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டால் சீவிப் பயனில்லை, மாற்றியாக வேண்டும். பழையதை வெட்டி எடுத்து, பெர்ரூலின் முகத்தில் உள்ள காய்ந்த பசையை முழுக்கச் சுரண்ட வேண்டும். புது டிப்பின் அடியைச் சமதளத்தில் விரித்த உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, ஜெல் வகை சூப்பர் குளூவால் ஒட்டி அழுத்திப் பிடித்து, ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது. பிறகு பக்கவாட்டைச் சீவி வளைவு கொடுக்கலாம். புதுத் தோல் முதல் சில நாள் ஆட்டத்தில் அமுங்கிப் பிதுங்கும் என்பதால், திங்களன்று மாற்றிய க்யூவை வெள்ளிக்கிழமை மறுபடி எடுத்து ஒருமுறை சீவிவிட வேண்டியிருக்கும்.