ஷட்டர் உன்னுடையது... சாவி யாருடையது?



திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் கடைவீதியிலும் நிற்கும் மாடிக் கட்டடங்களை என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறீர்களா? கீழே பத்து ஷட்டர், மேலே பத்து ஷட்டர். 'வணிக வளாகம்' என்று பெரிய பெயர். முப்பது வருடத்தில் ஒரே ஷட்டருக்குள் எத்தனை தொழில் வந்து போய்விட்டது! கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர். அது போய் வீடியோ கேசட் வாடகைக் கடை. அதுவும் போய் எஸ்.டி.டி. பூத். பிறகு பிரவுசிங் சென்டர். இன்று அதே இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது. நாலு தையல் மெஷின் ஓடிய கடையில் ரெடிமேட் துணி. ரிக் வண்டிகள் பெருகப் பெருக, மளிகை இருந்த இடங்களில் போர்வெல் ஆபீசும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும்!

தொழில் மாறுவது குற்றமல்ல. காலம் மாறினால் சரக்கு மாறத்தான் செய்யும். புத்தியுள்ள வியாபாரி பூத்தை மூடிவிட்டு ரீசார்ஜ் கடை திறந்தான், பிழைத்துக்கொண்டான். ஆனால் என் கேள்வி வேறு. இத்தனை தொழில் மாறியும் வாடகை வாங்குகிறவர் மட்டும் மாறவில்லையே, அது எப்படி? அவர் கையில் பத்திரம் இருக்கிறது. உன் கையில் என்ன இருக்கிறது சகோதரா?

'அதெல்லாம் பிரச்சினை வராது ஹஜ்ரத், ஓனர் நல்ல மனுஷர்' என்கிறார்கள். நல்ல மனுஷர்தான், மறுக்கவில்லை. அவர் காலமான பிறகு பாகம் பிரிக்க வரும் நாலு பிள்ளைகளும் நல்ல மனுஷர்கள் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

சென்னை மூர் மார்க்கெட்டை உங்கள் வாப்பாமார்கள் பார்த்திருப்பார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே சிவப்புக் கட்டடம். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் என்ற வெள்ளைக்காரரின் பெயர். 1898இல் அடிக்கல், 1900இல் திறப்பு. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், கிளி, புறா, முயல் என்று அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். வெளியூர்க்காரன் சென்னைக்குப் போனால் மூர் மார்க்கெட் பார்க்காமல் திரும்பமாட்டான். அந்தப் பெயரை உண்டாக்கியது யார்? ஜார்ஜ் மூரா? இல்லை! பரம்பரை பரம்பரையாக அந்தச் சிறு கடைகளில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்கள்!

அந்த இடம் ரயில்வேக்குத் தேவைப்பட்டது. சென்ட்ரலை விரிவாக்க வேண்டும், கடைக்காரர்கள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். இழுபறி நீடித்தது. 1985 மே 30ஆம் தேதி மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது! தீ தானாகப் பிடித்ததா, வைக்கப்பட்டதா என்ற பேச்சு இன்று வரை ஓயவில்லை. நிரூபணமாகாத ஒன்றை வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்ல மார்க்கம் நமக்கு அனுமதி தரவில்லை. ஆனால் கண்ணால் பார்ப்பதைச் சொல்லலாம் அல்லவா? அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையமும் டிக்கெட் முன்பதிவுக் கட்டடமும் நிற்கின்றன. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலே அல்லிக்குளத்தில் ஒரு வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். பழைய கூட்டம் அங்கே வரவில்லை. வேடிக்கையைப் பாருங்கள், ரயிலில் இன்னும் 'மூர் மார்க்கெட்' என்றே போர்டு போடுகிறார்கள். பெயருக்கு மட்டும் மதிப்பு!

அது சென்னை, பழைய கதை என்று நினைக்கிறீர்களா? காவிரியைத் தாண்டினால் ஈரோடு. பன்னீர்செல்வம் பார்க் அருகே அப்துல் கனி ஜவுளி மார்க்கெட். நம் பகுதி விசைத்தறிக்காரர்களுக்குக் கனி மார்க்கெட் தெரியாமல் இருக்காது. திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை வாரச் சந்தை. கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று வெளி மாநில வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். 2018 ஜனவரியில் ஈரோடு ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டத்தில் பழைய மார்க்கெட் இடத்தில் ஐம்பது கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து அடுக்குமாடி ஜவுளி வளாகம் எழுந்தது. கட்டடம் அழகுதான். ஆனால் டெபாசிட்டையும் வாடகையையும் கேட்டு, தள்ளுவண்டி அளவுக் கடையில் துண்டும் லுங்கியும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் மலைத்துப்போனார்கள். எங்களால் கட்டுப்படியாகாது என்று முறையிட்டார்கள். திறந்த பிறகும் வெகு நாள் பல கடைகள் பூட்டியே கிடந்தன. அந்த இடத்துக்கு விலை உண்டாக்கியவனே அங்கே நுழைய முடியவில்லை. இதற்குப் பெயர் வளர்ச்சியா?

மார்க்கெட்டை இடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் கூரையும் நாற்றமெடுக்கும் சாக்கடையும் நமக்கு என்ன சொத்தா? இடிக்கட்டும். ஆனால் கடப்பாரை விழுவதற்கு முன், இன்னாருக்கு இத்தனையாம் எண் கடை, இன்ன வாடகை என்று பெயர்ப் பட்டியல் போட்டு எழுத்தில் தரட்டும். இடித்த பிறகு மனு கொடுக்கப் போகிறவனை எந்த அதிகாரியும் உட்காரச் சொல்லமாட்டார்.

எழுத்து என்றதும் ஒன்று கேட்கிறேன். அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையா, நோன்பா, ஹஜ்ஜா? இல்லை! தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சிகளை வையுங்கள், சிறியதோ பெரியதோ எழுதுவதில் சலிப்படையாதீர்கள் என்று கட்டளையிடும் 2:282 வசனம்தான். அதை ஓதி நன்மை தேடுகிற நாம், நாலு லட்சம் அட்வான்ஸை ரசீது கூட வாங்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். பகடி என்ற பெயரில் கொடுப்பதற்கோ சாட்சியே கிடையாது. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலேயே வாடகைக்கு மேல் இப்படிப் பணம் வாங்குவது தடுக்கப்பட்டிருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைக் கவனமாகப் படியுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே கடையைக் காலி செய்யக் கேட்க ஒரு காரணம்! வாடகை பாக்கி இல்லை, சேதம் செய்யவில்லை, முப்பது வருடம் ஒழுங்காக இருந்தேன் என்று சொல்லி மட்டும் இனித் தப்ப முடியாது. 'வாய் வார்த்தை போதும்' என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

நகராட்சிக் கடைக்காரர்களுக்கு இந்தச் சட்டமும் துணை இல்லை, அங்கே ஏலமும் குத்தகை விதியும்தான். ஏலத்தில் ஒருவர் பெயரில் எடுப்பது, உள்வாடகைக்கு இன்னொருவர் இருப்பது. ஊரறிந்த இந்த ரகசியத்தில் நம்மவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஏலம் எடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கடையில் வெந்துகொண்டிருப்பவன் பெயர் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. நாளைக்குக் கட்டடத்தை இடித்தால் மாற்று இடம் யாருக்கு? உழைத்தவனுக்கா, பெயர் கொடுத்தவனுக்கா?

பள்ளிவாசல் கடைகளைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். வக்ஃப் கடையில் பாட்டன் காலத்து வாடகையைக் கொடுத்துக்கொண்டு, அதையே பத்து மடங்குக்கு உள்வாடகை விடுகிற ஹாஜியார்களும் இந்தச் சமுதாயத்தில்தான் இருக்கிறார்கள். நகராட்சியிடம் நியாயம் கேட்கப் போகுமுன் அவர்கள் இமாமின் சம்பளத்தை ஒரு தடவை விசாரித்துவிட்டு வரட்டும்!

வாலிபர்களே! இது உங்கள் வேலை. வாப்பா கடையில் இருந்து வந்ததும் மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தம் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா, யார் பெயரில் இருக்கிறது, அட்வான்ஸ் தொகை அதில் எழுதியிருக்கிறதா? வாடகை ரொக்கமாகப் போகிறதா, பேங்க் மூலம் போகிறதா? உங்கள் வளாகத்தில் எத்தனை ஷட்டர், எத்தனை பேரிடம் காகிதம் இல்லை என்று எல்லா மதத்துக் கடைக்காரர்களையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஷட்டர் விழும்போது மாரியப்பன் கடை, மம்மது கடை என்று பார்த்து விழுவதில்லை. ஒப்பந்தத்தை இணையத்திலேயே பதியலாம், செல்போனில் இத்தனை மணி நேரம் செலவிடுகிற உங்களுக்கு அது ஒரு சுமையா? ஓனரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 'சட்டம் மாறிவிட்டது, இரண்டு பேருக்கும் நல்லது, எழுதிக்கொள்வோம்' என்று பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மறுத்தால் அவர் மறுத்த தேதியையும் அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள்.