பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

“பையனை ஸ்கூலை விட்டு நிறுத்திட்டோம்.”

எண்ணூரில் யாராவது இப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: “எங்கே வேலைக்குச் சேர்த்திருக்கீங்க?” லேத் பட்டறையா, லாரி க்ளீனரா, அப்பாவோடு போட்டில் கடலுக்கா? பெண் குழந்தை என்றால் கேள்வி வேறு: “மாப்பிள்ளை எந்தக் குப்பம்?”

அதனால் என் அக்கா மகள் கலிபோர்னியாவிலிருந்து போன் போட்டு இதையே சொன்னபோது எனக்கு அடிவயிற்றில் பகீரென்றது. புருஷன் பெண்டாட்டி இருவரும் கம்ப்யூட்டர் உத்தியோகம். வீட்டில் இரண்டு கார். பையனுக்கு வயசு ஒன்பது. என்ன தலைபோகிற கஷ்டமோ, பாவம்!

“ஏம்மா, ஃபீஸ் கட்ட முடியலையா? மாமா ஏதாவது அனுப்பட்டுமா?” என்றேன். லாரிக் கம்பெனியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியதற்கு எனக்கு வரும் பி.எஃப். பென்ஷன், டாலராக மாற்றினால் அவள் வீட்டு நாய்க்கு பிஸ்கட் வாங்கக் காணாது. இருந்தாலும் தாய்மாமன் ஆயிற்றே, விட்டுக் கொடுக்க முடியுமா?

அவள் சிரித்தாள். “ஐயோ மாமா! ஸ்கூலைத்தான் நிறுத்தினோம், படிப்பை இல்லே. இப்ப வீட்டிலேயே படிக்கிறான். ஆன்லைன் சார்ட்டர் ஸ்கூல்!”

சார்ட்டர் என்றால் எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, மார்ச் மாதத்தில் பிடிபடாத சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். இன்னொன்று, தேர்தல் சமயத்தில் தலைவர்கள் ஏறிப் பறக்கும் சார்ட்டர்ட் விமானம். பள்ளிக்கூடத்துக்கும் சார்ட்டரா?

விசாரித்ததில் விஷயம் இதுதான். பணம் சர்க்காருடையது, நடத்துவது தனி அமைப்பு. “இப்படி இப்படி நடத்துவேன், இன்ன மார்க் வாங்க வைப்பேன்” என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சாசனத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயர். அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்டது மின்னசோட்டா மாநிலம், 1991-ல். அடுத்த வருஷமே கலிபோர்னியா. ஃபீஸ் கிடையாது. இவற்றில் சில பள்ளிகளுக்குக் கட்டடமும் கிடையாது. பையன் வீட்டில், டீச்சர் திரையில், புத்தகம் பார்சலில். டிரெய்னிங் முடித்த டீச்சர் ஒருவர் சில வாரங்களுக்கு ஒரு தடவை பையன் செய்த வேலையை வாங்கிப் பார்த்து, அதை வைத்து ஹாஜர் போடுகிறார். பியானோ, நீச்சல் என்று கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பணம் ஒதுக்கும் பள்ளிகளும் உண்டு.

ஏன் இப்படி என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு காரணம். ஒரு பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை. ஒன்றைப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் சீண்டிச் சீண்டி அழ வைத்தார்கள். ஒன்று டென்னிஸ் ஆடுகிறது. என் அக்கா பேரனுக்கு நாற்பது நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார முடியாது. (அவன் தாத்தாவாலும் முடியாது. சினிமாவில் இடைவேளைக்கு முன்னாலேயே எழுந்து போய்விடுவார்.)

பணம் புழங்கும் இடத்தில் எலி புகுவது எல்லா தேசத்துக்கும் பொது. கலிபோர்னியாவில் ஏ3 என்ற பெயரில் இப்படிப்பட்ட ஆன்லைன் பள்ளிகளைச் சங்கிலியாக நடத்தியவர்கள் மேல் 2019-ல் வழக்குப் போட்டார்கள். விளையாட்டு கிளப்புகளுக்குக் காசு கொடுத்துப் பிள்ளைகளின் பெயர்களை வாங்கி, மாணவர்கள் என்று பதிந்துவிட்டார்கள். பல பிள்ளைகளுக்கு, தாங்கள் அந்தப் பள்ளியில் ‘படிக்கிற’ சமாசாரமே தெரியாது! அரசாங்கத்திடமிருந்து கறந்தது 40 கோடி டாலருக்கு மேல். தலைவர்கள் இருவரும் 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். செத்தவர்கள் வந்து ஓட்டுப் போடும் ஊரில் பிறந்த நமக்கே இது புதுசு, இல்லையா?

எல்லோரும் அப்படி இல்லை. என் அக்கா மகளின் பள்ளி ஒழுங்கானது. பையன் நன்றாகவே படிக்கிறான். நான் ஒரு கேள்வி கேட்டேன்.

“சரிம்மா, அவன் படிக்கிறப்போ பக்கத்தில் யாரு?”

கொஞ்சம் தயங்கினாள். “நான்தான் மாமா. வேலையைப் பாதி நேரமாக்கிக்கிட்டேன். சம்பளமும் பாதி.”

ஆக, ஃபீஸ் இல்லாத அந்தப் பள்ளிக்கும் ஃபீஸ் உண்டு: ஒரு தாயின் அரைச் சம்பளம்.

நம் பக்கம் இது ஒன்றும் புதிதில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். வாஸ்தவம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் வீட்டு வாசலில்தானே நடந்தது? மணலில் விரலால் எழுதியவர்கள் பின்னால் மகா பண்டிதர்களானார்கள். இன்றைக்கும் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி. 1989-ல் தனி அமைப்பாக ஆரம்பித்து, 2002-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. பள்ளிக்குப் போகாமலே 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பதிந்துகொள்ளலாம். ஐந்து பாடம். ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடித்தாலும் சரி. வாழ்க்கை ஒரு தடவை ஃபெயிலாக்கியவர்களுக்கு இதைவிட மரியாதையான பரீட்சை கிடையாது.

நம் சென்னைப் பையன் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளிக்கு ஒரு கும்பிடு. 2024 டிசம்பரில், 18 வயசில், செஸ்ஸில் உலக சாம்பியன். உடனே நம் ஆட்கள், “பார்த்தீங்களா, ஸ்கூலே தேவையில்லை!” என்று கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பார்க்காத ஒன்று உண்டு. குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராக, தேசம் தேசமாகப் போனார். அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. அங்கேயும் பக்கத்தில் ஓர் ஆள்!

இப்போது எண்ணூருக்கு வாருங்கள். எங்கள் ஊர் முழுவதும் ஒரு காலத்தில் வீட்டிலிருந்துதான் படித்தது. யாரும் விரும்பிச் செய்யவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். எட்டாம் வகுப்பு வரை இருக்கும் பிள்ளைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. பத்தொன்பது மாதம்!

கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்துவிட்டது. பாடம் ஓடியது. டீச்சர்கள் பாவம், வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் தெருவில் மீன் விற்கும் ஓர் அம்மா உண்டு. விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து வந்து கூடையில் விற்பவர். அவர் பையன் அப்போது இரண்டாம் வகுப்பு. “ஏம்மா, பையன் பாடம் பார்க்கிறானா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போனு எங்க வூட்டுக்காரரோட கடலுக்குப் போயிக்கீது சார். அது கரைக்கு வந்தாத்தான் பாடம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன் கரைக்கு வரும்போது அதில் சார்ஜ் இருக்காது. சார்ஜ் ஏறும்போது ‘நெட்டு’ தீர்ந்திருக்கும். இரண்டும் இருக்கும்போது பையன் தூங்கியிருப்பான். தூங்காமல் இருந்தால், சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். வீடு பத்துக்குப் பத்து. அதற்குள் சமையல், பாட்டி, வலை, பள்ளிக்கூடம்! பள்ளியில் போடும் மத்தியானச் சாப்பாடும் நின்றது. அதற்குப் பதில் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தப் பையனுடைய தட்டில் விழுந்த முட்டை அவன் ஒருவனுக்கானது. வீட்டுக்கு வந்த அரிசியில் ஆறு வயிறு.

பள்ளி திறந்தபோது அவன் நாலாம் வகுப்பு. ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் வித்தியாசம் மறந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான், 2021 அக்டோபர் கடைசியில், தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ கொண்டுவந்தது. மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், தெருவிலேயே வகுப்பு. சொல்லிக் கொடுப்பவர் அதே தெருக்காரர், பெரும்பாலும் பெண்கள். ஆரம்பத்தில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். ஆமாம் சார், ஆயிரம்தான். சைபர் எதுவும் விட்டுப்போகவில்லை.

எதிர்வீட்டுப் பெண் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவளும் சேர்ந்தாள். “அங்கிள், உங்க மொட்டை மாடியை ரெண்டு மணி நேரம் தர்றீங்களா?” என்று வந்தாள். வடகம் காய்வதைத் தவிர அங்கே வேறு ஜோலி கிடையாது. கொடுத்தேன்.

அந்த மீன்காரம்மா பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டான். இவள் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலை தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். நகரவே நகராது. எங்கள் தலைவலியே அதுதான். “டேய், அந்த லாரி நெத்தியில் என்னடா எழுதியிருக்கு?” என்று ஆரம்பித்தாள். ‘அம்மன் துணை’யில் ‘அ’. ‘ஆண்டவன் துணை’யில் ‘ஆ’. உலகத்திலேயே பக்கத்தைப் புரட்டாமல் நிதானமாகப் படிக்க ஏற்ற பாடப்புத்தகம் எண்ணூர் டிராபிக் ஜாம்தான்! மூன்றே மாதத்தில் பையன் ஒரு லாரி விடாமல் வாசித்தான். அப்புறம்தான் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். பாடத்தில் இரண்டு வரியைத் தடுக்கித் தடுக்கி அவன் வாசித்த அன்று, மீன்காரம்மா மாடிப்படியில் கூடையோடு நின்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எதிர்வீட்டுக்கு ஒரு கிலோ சங்கரா இலவசமாகப் போனது.

இந்தக் கதையைச் சொன்னபோது என் அக்கா மகள், “அப்ப உங்க ஊருக்கும் வீட்டுப் படிப்பு ஒத்து வரும் மாமா. அங்கே காத்துகூட சரியில்லைன்னு படிச்சேனே, எதுக்குப் பிள்ளைகளை வெளியே அனுப்பணும்?” என்றாள்.

காற்று சரியில்லைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரம் எங்கும் எண்ணெய் படிந்தது. படகும் வலையும் கறுத்து, மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்தப் பிள்ளைகள் அப்போது வகுப்பில் இல்லை. வீட்டில், பாயில், தூக்கத்தில் இருந்தார்கள். 2024 அக்டோபரில் பக்கத்துத் திருவொற்றியூரில், பள்ளிக்கூடத்திலேயே ஏதோ வாயு நெடியில் மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். எங்கள் பக்கத்தில் காற்று கதவைத் தட்டி, “இது வீடா, ஸ்கூலா?” என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. வீட்டுக்குள் பூட்டி வைத்து இதற்கு வைத்தியம் பார்க்க முடியாது. புகை விடுகிற இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அவளுக்கு இதைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். “நீ பள்ளிக்கூடத்தை வேண்டாம்னு சொல்லலாம்மா. ஏன்னா அதுக்குப் பதிலா கொடுக்க உன்கிட்ட நீ இருக்கே. இங்கே அந்தம்மா காலை நாலு மணிக்குக் காசிமேட்டில் இருக்காங்க. அவங்களுக்குப் பதிலா உட்காரத்தான் பள்ளிக்கூடம்.” போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘நெட்டு’ தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே, வீட்டுப் படிப்புப் பற்றி யோசிக்கும் வாசகர்கள் கம்ப்யூட்டர் விலை விசாரிக்கும் முன் ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தினமும் பிள்ளை பக்கத்தில் உட்காரப் போவது யார்? அப்படி ஆள் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆள் இல்லாத வீடுகள் உங்கள் தெருவிலேயே பத்து இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மெகா சீரியல் மறு ஒளிபரப்புப் பார்க்கும் பட்டதாரிகளும் அதே தெருவில் பத்துப் பேர் இருப்பார்கள். இந்த இரண்டு பத்தையும் சேர்த்துவைக்க, மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேலேயும் ஒரு சர்க்கார் செலவு செய்யலாம். தப்பே இல்லை.

இடம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். திண்ணை போனால் மொட்டை மாடி. பாடப்புத்தகத்துக்கும் கவலை வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வேண்டிய மட்டும் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாளைக்கு நகராது!